அமரர் என்று அச்சாகிவிட்டது

பொன்னாடை போர்த்துவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போர்த்துகிறவர் குள்ளமாகவும் போர்த்தப்படுகிறவர் உயரமாகவும் அமைந்துவிட்டால் ஆடை காதோடு சிக்கிக்கொள்ளும். போட்டோக்காரர் இன்னொரு தடவை என்பார். அதற்குள் மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக மேடையின் ஓரத்தில் நின்று, உறையைப் பிரித்து, மடிப்பை உதறி, விருந்தினரின் கையில் சரியான முனையைக் கொடுத்து வருகிறவன் நான். நான் எடுத்துக் கொடுத்த பொன்னாடை ஒன்றுகூட இதுவரை கீழே விழுந்ததில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் பாரதி மேடம் "முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றார். முதல் என்றால் எனக்கு இதுதான் முதல். வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவர் எழுதிய முதல் பக்கத்தில் மன்றத்தை மூன்று சுழி போட்டு 'மண்றம்' ஆக்கியிருந்தார். அதன் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது.

என் பெயர் முத்துவேல். வயது அறுபத்து மூன்று. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முத்தியால்பேட்டை நற்பணிப் பாராட்டு மன்றத்தின் செயலாளர். ஊருக்காக உழைத்தவர்களைத் தேடிப் பிடித்து, வருஷத்துக்கு ஒரு முறை மேடையேற்றி, நாலு பேர் முன்னால் கைதட்டல் வாங்கித் தருவது எங்கள் வேலை. நல்ல வேலைதான். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதர்களை நம்பிச் செய்ய வேண்டிய வேலை என்பதால் அதில் சில சங்கடங்கள் உண்டு.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் 'சிறந்த குடும்பத் தலைவர்' விருது கொடுத்தோம். குடும்பத்தோடு மேடைக்கு வாருங்கள் என்று மைக்கில் சொன்னது நான்தான். இடது பக்கப் படியில் ஒரு அம்மாள் இரண்டு பிள்ளைகளோடு ஏறினார். வலது பக்கப் படியில் இன்னொரு அம்மாள் மூன்று பிள்ளைகளோடு ஏறினார். அடுத்த வருஷம் 'மதுவிலக்குச் சுடர்' விருது. சுடர் மேடையில் நாற்காலியோடு சாய்ந்தது. பிறகு கொஞ்ச காலம் முத்தியால்பேட்டை டீக்கடைகளில் நான் நுழைந்தாலே யாராவது குடும்பத்தோடு வாங்க சார் என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த டீ எனக்குச் செரித்ததே இல்லை.

இனி கலியமூர்த்தி. மணிக்கூண்டுக்கு வடக்கே, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் முனையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். வீடு குருசுக்குப்பத்தில். கடலுக்குப் போகிற குடும்பம்தான், முழங்கால் போன பிறகு கரைக்கு வந்து பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தார். காலையில் எட்டரையிலிருந்து ஒன்பது பத்து வரை, சாயங்காலம் மூன்றே முக்காலிலிருந்து நாலரை வரை கடையை அப்படியே போட்டுவிட்டு, வாயில் விசில், கையில் சிவப்புத் துண்டோடு நடுரோட்டில் போய் நிற்பார். ஒரு கையை நீட்டினால் பஸ் நிற்கும். மறு கையை அசைத்தால் பிள்ளைகள் தாண்டும். இருபத்தாறு வருஷம் இப்படி. ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்லை. யாரும் அவரைச் செய்யச் சொல்லவும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் எங்கள் பட்டியலில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. தினமும் பார்க்கிற ஆளைப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றாது. அவர் என் ஸ்கூட்டருக்குக் கை காட்டி நிறுத்தும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை அந்த வழியாகப் போனேன். பஞ்சர் கடை பூட்டியிருந்தது. கடைக்குப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு ஆட்டோ நின்று பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்கு நேர் கீழே, தலைவாரி, வெள்ளைச் சட்டையில் கலியமூர்த்தியின் முகம். போட்டோவைச் சுற்றிப் பூ. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததால் மேற்கொண்டு படிக்காமல் வந்துவிட்டேன்.

நம் ஊர் பேனர் வழக்கம் மேடத்துக்குத் தெரியும். செத்தவர் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கும். துக்கத்தில் பங்குகொள்கிறவர்கள் படங்கள்தான் வரிசையாகப் பெரிதாக நிற்கும். துக்கப்படுகிறவர்தானே பேனருக்குச் சொல்லி வைக்கிறார். செத்துப்போனது கலியமூர்த்தியின் சிநேகிதர் பக்கிரி என்பவர். அவர் படம் ஆட்டோவுக்குப் பின்னால் இருந்தது. கலியமூர்த்தி துக்கப்படுகிறவர்களில் முதல் ஆள். பத்தொன்பது வருஷம் அழைப்பிதழில் ஒற்றெழுத்துக்கூட விடாமல் பார்த்த கண் அன்றைக்கு ஒரு ஆட்டோவிடம் தோற்றது.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. மறுநாளே குருசுக்குப்பத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் "காரைக்காலுக்குப் போயிருக்காங்க, வர ரெண்டு மூணு வாரம் ஆவும்" என்றார்கள். சொந்த ஊரில் வைத்துக் காரியம் செய்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவர்கள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகும் முனையில் ஆள் இல்லை, கடை திறக்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதர் இறந்துபோனதற்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

மன்றக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். எங்கள் தலைவர் தெய்வசிகாமணி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்போம். எண்பத்திரண்டு வயது. பேச்சில் பாதி பிரெஞ்சு, மீதி கோபம். பதக்கத்தை மெதாய் என்பார். அன்றைக்கு அவர் கண் கலங்கியது. "முசியே முத்துவேல், எங்க ரெஜிமெண்டுல உயிரோட இருக்கறவனுக்குக் குடுக்கற மெதாய் வேற, செத்தவனுக்குக் குடுக்கற மெதாய் வேற. செத்தவனுக்குக் குடுத்தா அத யாரும் திரும்ப வாங்க முடியாது" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. குடும்பத் தலைவருக்கும் சுடருக்கும் பிறகு எங்களுக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட ஆள்தான். இனி தப்பே செய்ய முடியாத ஆள்.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஆறு வருஷமாக அழைக்கிறேன், ஆறு வருஷமாக அவருக்கு அன்றைக்கு மட்டும் உடம்பு சரியிருக்காது. கலியமூர்த்தி கதையைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த மனிதருக்காக வருகிறேன் என்றார். அங்கேயே உட்கார்ந்து இரங்கற்பா ஒன்று எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை நூறு பிள்ளைகளுக்கு அஞ்சலிப் பாட்டுப் பயிற்சி கொடுத்தார். நாலடிக்கு மூன்றடியில் படம் பெரிதாக்கக் கொடுத்தேன். ஜனவரி இருபத்து நாலாம் தேதி அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'அமரர் கலியமூர்த்தி அவர்களின் படத்திறப்பு விழா. பிப்ரவரி 16, ஞாயிறு மாலை ஐந்து மணி.' அறுநூறு பிரதி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு இரண்டு தடவை அதை மோந்து பார்த்தேன். புது மை வாசனை எனக்குப் பிடிக்கும்.

இருபத்தெட்டாம் தேதி அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவி செல்வாம்பாளைப் பார்க்கப் போனேன். முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். கலியமூர்த்தி திறந்தார்.

லுங்கியும் பனியனுமாக நின்றார். கையில் உரித்த வெங்காயம். "வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம்? அவ காரைக்கால்லயே பொண்ணோட இருக்கறா. பேரன் பொறந்திருக்கான் சார். நான் மட்டும் காலையில வந்துட்டேன்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று மேடம் கேட்டார். சந்தோஷமாக இல்லையா என்றார். பொய் சொல்லத் தெரியவில்லை. ஏமாற்றமாக இருந்தது. ரொம்ப நேரமாகக் காத்திருந்த பஸ் நிற்காமல் போனால் வருமே, அந்த மாதிரி.

மறைத்துப் பயனில்லை என்று அழைப்பிதழை அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். அமரர் என்ற இடத்தில் ஒரு தடவை நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். நான் பேனரைப் பற்றிச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பக்கிரி செத்ததுக்கு என்னை அனுப்பி வச்சிட்டீங்களா சார்? அவன் கேட்டிருந்தா வயிறு வலிக்க சிரிப்பான்." கோபமே இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"அதுக்கு இன்னா சார், மாத்திடுங்க. ஒரு வார்த்தைதான? அமரர்ன்றத அடிச்சிட்டா மிச்சம் நான்தான்" என்றார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. "நானே போயி ஜட்ஜய்யாவைப் பாக்கறேன் சார். ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன்னு சொல்றேன். சந்தோஷப்படுவாரு."

ஜட்ஜய்யா சந்தோஷப்பட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலேயே முனைக்குப் போய் நிற்கப் போவதாகச் சொன்னார். பிரசவ வீட்டை விட்டு அவர் ஓடி வந்ததே அதற்குத்தான். மூணு வாரமா பிள்ளைங்க எப்படித் தாண்டுதுங்களோ என்று அங்கே தூக்கம் வரவில்லையாம். அவர் முனையில் நின்றால் ஒன்பது மணிக்குள் ஊரே பார்த்துவிடும். அழைப்பிதழ் முந்நூறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு நாள் பொறுங்கள், அழைப்பிதழை மாற்றிவிடுகிறேன், அதுவரை யார் கண்ணிலும் படாதீர்கள், வீட்டிலும் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன்.

"பிள்ளைங்க?" என்றார்.

"மூணு வாரம் தாண்டிடுச்சிங்க. நாலு நாள்ல ஒண்ணும் ஆயிடாது" என்றேன்.

வெங்காயத்தைத் தட்டில் வைத்தார். "சனிக்கெழம வரைக்கும்தான் சார். திங்கக்கெழம காலையில போயி நின்னுடுவேன்" என்றார்.

ஆக எனக்கு இருந்தது திங்கட்கிழமை காலை வரைக்கும்.

நான் எல்லா வழியையும் யோசித்தவன் என்பது பதிவாக வேண்டும். புதன்கிழமை நீதிபதி வீட்டுக்குப் போய், ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் ஐயா, இதே மாதிரி உயிரோடு இருக்கிற ஒருவருக்குச் செய்தால் என்றேன். அவர் சிரித்தார். "உங்க குடும்பத் தலைவர் சமாச்சாரம் எனக்கும் தெரியும் செயலாளரே. உயிரோட இருக்கறவங்களுக்கு நான் வர்றதில்ல" என்றார். இரங்கற்பாவில் இருபத்து நாலாவது அடி எழுதிக்கொண்டிருந்தார். தலைவரிடம் சொல்லலாம் என்று வியாழக்கிழமை போனேன். சொல்தா தன் பழைய பட்டாளத்துக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டு, மெதாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் போகிறாராம். என்ன விஷயம் முசியே என்றார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

டீக்கடையை நினைத்துப் பார்த்தேன். செத்தவர் வந்தாரா சார், குடும்பத்தோடு வந்தாரா சார் என்று கேட்பார்கள். சாகும் வரைக்கும் கேட்பார்கள். என் மகன் கல்யாணத்தில் கேட்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மன்றத்தின் கௌரவம் என் ஒருவனுடையது இல்லையே, ஏழு பேருடையது. மன்றத்துக்கு இது இருபத்தைந்தாவது வருஷம் வேறு.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற கலியமூர்த்திக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு பொன்னாடை, அதிலும் காதில் சிக்கும், உயரமான ஆள். அமரர் கலியமூர்த்திக்கோ நூறு பிள்ளைகள் பாடப் போகிறார்கள். ஒரு நீதிபதி முப்பது அடியில் பாடப் போகிறார். அவருக்கு நல்லது எது என்று யாராவது ஒருவர் யோசிக்க வேண்டியிருந்தது.

நாளையும் பார்த்தேன். சனிக்கிழமை பிப்ரவரி ஒன்று. அன்றிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் சரியாக விழா நாள். காலையில் காரியத்தை முடித்துக்கொண்டு செல்வாம்பாள் மாலையில் விழாவுக்கு வந்துவிடலாம், காரைக்காலிலிருந்து வரும் மகளுக்கும் ஒரே அலைச்சலோடு போகும். அந்தக் குடும்பத்தின் சௌகரியத்தை நான் நினைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் மன்றத்தின் அறை மாடியில் இருக்கிறது. அறைக்கு வெளியே மொட்டை மாடி. முன்பக்கக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டதால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஏற்பாடு. கொத்தனார் அந்த இடத்தில் குறுக்காக ஒரு மூங்கிலைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கெட்டியாகத்தான் கட்டியிருந்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மூங்கிலை சனிக்கிழமை மூன்று மணிக்கு அவிழ்த்தவன் நான். கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, மூங்கிலைச் சுவரில் சாய்த்து வைத்தேன். தரையில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களே.

நாலு மணிக்குக் கலியமூர்த்தி வந்தார். பின்தெரு வழியாக வரச் சொல்லியிருந்தேன், அப்படியே வந்தார். சலவைச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார். "படம் வந்துடுச்சா சார்?" என்றார். படத்தை மொட்டை மாடிக்குக் கொண்டு வந்து நாற்காலியில் நிறுத்தி வைத்திருந்தேன். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு இடம். மறைவுக்கு நேரே தேதி போடாமல் விடச் சொல்லியிருந்தேன். முன்கூட்டியே தேதியை எழுதி வைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.

அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவ்வளவு பெரிதாகத் தன் முகத்தை அவர் பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, பிறகு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடி கூசுது சார். ஒண்ணும் தெரியல."

"கிட்ட நின்னா அப்படித்தான். கொஞ்சம் பின்னாடி போயிப் பாருங்க" என்றேன்.

நான் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். படத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வரலாமா சார்?" என்றார். நான் கையை அசைத்தேன். இருபத்தாறு வருஷம் அவர் பிள்ளைகளுக்கு அசைத்த மாதிரியேதான். என் ஸ்கூட்டரை நிறுத்தி அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது கைவந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் ரோட்டைப் பார்த்து நான் கண்டதில்லை, அவர் கையை மட்டும்தான் பார்ப்பார்கள். அவரும் படத்தையும் என் கையையும் மட்டும்தான் பார்த்தார்.

"இன்னும் வரலாமா?"

"வரலாம்."

"இப்ப நல்லாத் தெரியுது சார்" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தது. அவருக்குப் படம் தெரிந்துவிட்டது, அதோடு போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நான் இன்னும் ஒரு தடவை கையை அசைத்தேன்.

நான் அவரைத் தொடவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். ஆட்டோ பிடித்ததும் நான்தான். அவர் தலை என் மடியில் இருந்தது. வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்தார். "என் தப்பு சார். பின்னாடி பாக்காம வந்துட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன். ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. செல்வாம்பாளுக்கு நான்தான் போன் செய்தேன். பிறகு படக் கடைக்குப் போன் செய்து தேதியைச் சொன்னேன்.

தவறி விழுந்தார் என்று பதிவாயிற்று. அழைப்பிதழ் ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்ததை ஊரில் யாரும் மறைவுத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. விழாவும் நடந்தது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. நாற்காலி போதவில்லை. பிள்ளைகள் பாடும்போது முன்வரிசையில் ஒருவர் கண்ணும் காயவில்லை. நீதிபதி இரங்கற்பாவைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். சொல்தா மெதாயெல்லாம் குலுங்க சல்யூட் வைத்தார். எல்லோரும் ஊர்வலமாக முனைக்குப் போய், பஞ்சர் கடைக்கு எதிரே 'அமரர் கலியமூர்த்தி முனை' என்று நீலப் பலகை ஒன்றைத் திறந்து வைத்தோம். நானும் அழுதேன், மேடம் நம்பினாலும் நம்பாவிட்டாலும். செல்வாம்பாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உயிரோட இருந்தப்ப யாரும் ஏன்னு கேக்கல சார். நீங்கதான் அவர மனுசனா மதிச்சீங்க" என்றார். நான் தப்பு செய்தவன் என்றால் அந்த அம்மாள் அப்படிச் சொல்லியிருப்பாரா?

அதே செல்வாம்பாள்தான், ஏதோ நகல் வாங்க ஸ்டேஷனுக்கு வந்தவர், பெருமையாக அழைப்பிதழை எடுத்து மேடத்திடம் காட்டியிருக்கிறார். விழாவைப் பற்றி எல்லோரும் மேல்பாதியைப் படிப்பார்கள். மேடம் கீழ்க்கோடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக வரியைப் படித்தார். ஜனவரி 24, அறுநூறு பிரதி. பிப்ரவரி ஒன்றாம் தேதி விழுந்தவர் ஜனவரி இருபத்து நாலில் எப்படி சார் அமரர் ஆனார் என்று கேட்டார். பிறகு, விழுந்த மூங்கில் தானாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்துகொள்ளுமா என்றும் கேட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. அச்சக வரியைப் படிக்கிற ஒருவரைப் பத்தொன்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மரியாதைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படித்துக்கொண்டே வந்த மேடம் இந்த இடத்தில் தாள்களைக் கீழே வைத்துவிட்டார்.

"போன வியாழக்கெழம ரெண்டாம் கிளாஸ் பொண்ணு ஒண்ணு அந்த முனையில வண்டியில அடிபட்டுது சார். கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. அந்த கேசும் எங்கிட்டதான் இருக்கு" என்றார். என் தாள்களை விரலால் தட்டினார். "நீங்க இவ்ளோ எழுதினீங்களே, இப்ப காலையில அந்த முனையில யார் சார் நிக்கறது?"

இந்த வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் முறை.

பலகை நிற்கிறதே மேடம் என்றேன்.